பெயரை மறைத்த தட்டு… லட்சம் பவுண்டு விலை!

பழைய சோல், ஃபங்க், ரெகே, ராக் வினைல் தட்டுகளுக்கு உலகச் சந்தையில் மீண்டும் கிராக்கி. நிறுவனங்கள் தொலைத்த இசையைக் காத்தவர்கள் சேகரிப்பாளர்கள். பாடியவர்களுக்குச் சேர வேண்டியது என்ன ஆனது?

1970களின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டிய நேரம். இங்கிலாந்தின் வடமேற்கில், நிலக்கரிச் சுரங்கங்களாலும் பஞ்சாலைகளாலும் வளர்ந்த விகன் நகரின் ஸ்டேஷன் ரோட்டில், ஒரு பழைய நடன அரங்கின் வாசலில் இளைஞர் கூட்டம் நெருக்கியடிக்கிறது. தோளில் பை, உள்ளே மாற்றுச் சட்டை, துண்டு, டால்கம் பவுடர். கதவு திறந்ததும் பவுடரை மரத்தரையில் தூவி, கால் வழுக்கிச் சுழல வசதி செய்துகொள்கிறார்கள். மது விற்பனை கிடையாது. காலை எட்டு மணிவரை ஆட்டம் மட்டும்தான். ஒலிப்பவை அந்த வாரத்து ஹிட் பாடல்கள் அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் கறுப்பினக் கலைஞர்கள் பதிவுசெய்து, அமெரிக்காவில் விலைபோகாமல் கிடங்குகளில் தேங்கிய ஏழு அங்குலத் தட்டுகள். மேடையில் ஒரு தட்டு சுழலத் தொடங்க, அரங்கமே துள்ளுகிறது. பாடகர் பெயர் எடி ஃபாஸ்டர் என்கிறார்கள். தட்டின் நடுவிலுள்ள லேபிளை யாரும் படிக்க முடியாது, அது மறைக்கப்பட்டிருக்கிறது. சொன்ன பெயரும் பொய்.

உண்மையில் பாடியவர் ஃபிராங்க் வில்சன். மோட்டவுன் நிறுவனத்தில் பாடல் எழுதியவர், தயாரிப்பாளர். 1965-ல் அவர் பாடிய 'டூ ஐ லவ் யூ' என்ற பாடல், மோட்டவுனின் துணை லேபிளான 'சோல்' பெயரில் அச்சாகி, கடைக்கு வருமுன்பே நிறுத்தப்பட்டது. முன்னோட்டப் பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படித் தப்பிய பிரதி ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020-ல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்கு, அன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாயை நெருங்கும் தொகைக்கு, கைமாறியது. வில்சன் 2012-லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தாலும் அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட அவர் கேட்டிருக்க முடியாது. பழைய தட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது பாடியவருக்குப் பங்கு தரச் சொல்லும் சட்டம் எதுவும் அங்கே இல்லை.

வினைல் மோகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்கிறார்கள்: பழமை மீதான ஏக்கம், ஒலியின் தரம். இரண்டுமே விஷயத்தின் மேல்தோலோடு நின்றுவிடுகின்றன. இந்த இசையின் பெரும்பகுதி இன்று நம் காதில் விழுகிறது என்றால், அதற்கு முதல் காரணம் அதைத் தயாரித்த நிறுவனங்களின் அக்கறை அல்ல. யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, தூக்கி எறியாமல் வைத்திருந்த தட்டு. ஆனால், அந்தத் தட்டைக் காத்த அதே உலகம்தான் அதில் இருந்த பெயரை மறைத்தும் வைத்தது. இந்தச் சந்தையின் பெருமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. காத்தவர்கள் பெயரையும் பங்கையும் உரியவரிடம் திருப்பிச் சேர்த்தால்தான், காத்ததாகச் சொல்லிக்கொள்ள முழு உரிமை உண்டு.

மூன்று ஊர்கள், ஒரே தந்திரம்

லேபிளை மறைக்கும் வழக்கம் விகனில் தோன்றியதல்ல. 1950களின் ஜமைக்காவில், கிங்ஸ்டனின் தெருக்களில் 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்ட நடமாடும் ஒலிபெருக்கிக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதின. எவரிடம் மற்றவரிடம் இல்லாத தட்டு இருக்கிறதோ, அவர் பக்கம் கூட்டம். பின்னாளில் 'ஸ்டூடியோ ஒன்' பதிவரங்கைத் தொடங்கிய கிளமென்ட் 'காக்சன்' டாட், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வில்லிஸ் ஜாக்சனின் ஒரு தட்டிலிருந்து லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்கு 'காக்சன் ஹாப்' என்று தன் பெயரையே சூட்டினார். போட்டியாளர் டியூக் ரீட் அதே தட்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் மேடையில் ஒலிக்கவிட்ட இரவில் காக்சன் மயங்கி விழுந்தார் என்பது ஜமைக்க இசையுலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்தத் தீவில் பழைய தட்டுகளுக்கும் மதிப்பு இருந்தது. ஜூக்பாக்ஸ் பெட்டிகளிலிருந்து கழித்துப்போட்ட தட்டுகளை வாங்கி விற்றுத்தான் வின்சென்ட் சின் தன் 'ராண்டிஸ்' கடையைத் தொடங்கினார். அவர் குடும்பம் பின்னர் நியூயார்க்கில் தொடங்கிய 'வி.பி. ரெக்கார்ட்ஸ்' ரெகே உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியின் செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் கட்டடத்தில் தன் தங்கை நடத்திய விருந்துக்குத் தட்டுகளைச் சுழற்றினார். ஃபங்க் பாடல்களில் டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப்-ஹாப் பிறந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவரும் தன் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தெடுத்தவர். கிங்ஸ்டன், பிராங்க்ஸ், விகன் என மூன்று இடங்களிலும் காரணம் ஒன்றே: பெயர் தெரிந்தால் மற்றவர் வாங்கிவிடுவார்; தெரியாதவரை தட்டு வைத்திருப்பவரே ராஜா. 'அரிய தட்டு' என்ற விலைமதிப்பு இப்படித்தான் உருவானது. பாடலுக்கு ஆடியவர்கள் பாடியவரை அறியாமல் போனது அதன் உடன்விளைவு. அதேசமயம், இந்த மறைப்புப் போட்டி இல்லையென்றால் உலகம் ஒதுக்கிய தட்டுகளைக் கிடங்கு கிடங்காகத் தேடும் ஆவேசமும் பிறந்திருக்காது. வில்சனின் பாடலே சாட்சி. ரகசியமாக ஒலித்து ஒலித்துப் புகழ் பெருகிய பிறகு, 1979-ல் மோட்டவுனின் பிரிட்டன் பிரிவு அதை முறைப்படி வெளியிட்டது. தான் அழித்த பாடலை நிறுவனம் தானே விற்க நேர்ந்தது.

எரிந்த கிடங்குகள்

"எல்லாப் பாட்டும்தான் கைப்பேசியில் கிடைக்கிறதே, எதற்குத் தட்டு?" என்பது முதல் எதிர்வாதம். எல்லாம் கிடைக்கவில்லை என்பதே பதில். கிடைப்பதும் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஓர் ஒலிப்பதிவின் மூலம் என்பது மாஸ்டர் டேப். ரே சார்ல்ஸ், அரீதா ஃபிராங்க்ளின் போன்றோரால் புகழ்பெற்ற அட்லாண்டிக் நிறுவனத்தின் நியூஜெர்சிக் கிடங்கு 1978-ல் எரிந்தது. வெளிவராத பதிவுகள் ஏராளமாகச் சாம்பலாயின. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பற்றியபோது, யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் டேப்புகள் இருந்த கட்டடமும் எரிந்தது. இழப்பின் அளவை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் 2019-ல் வெளியிடும்வரை, பதினொரு ஆண்டுகள் உலகுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாஸ்டர்கள் போயிருக்கலாம் என்றது அந்தச் செய்தி. நிறுவனம் அதை மறுத்து, இழப்பு மிகக் குறைவு என்றது. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பத்தாண்டுக்கு மேல் கலைஞர்களுக்கே தகவல் போகவில்லை என்பது காப்பின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறது.

தீ மட்டுமே எதிரி அல்ல. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம், ஓட்டிஸ் ரெட்டிங் முதலானோரின் பதிவுகளை வெளியிட்ட சோல் இசைக்கூடம். 1965-ல் அட்லாண்டிக்குடன் போட்ட ஒப்பந்தத்தில், விநியோகித்த பதிவுகளின் மாஸ்டர் உரிமை அட்லாண்டிக்குக்கே என்று ஒரு விதி இருந்தது. 1968-ல் உறவு முறிந்தபோதுதான் ஸ்டாக்ஸ் அதை உணர்ந்தது. தன் பொற்காலப் பதிவுகள் தனக்கே சொந்தமில்லை. ஜமைக்காவில் டேப் விலை அதிகம் என்பதால் ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதிவது சகஜம். லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரியின் 'பிளாக் ஆர்க்' பதிவரங்கு தீக்கிரையானது. இந்த நிலையில், பல சோல், ரெகே பாடல்களுக்கு நல்ல நிலையிலுள்ள ஒரு வினைல் பிரதியே மிஞ்சிய மூலம். மறுவெளியீடு செய்பவர்கள் சேகரிப்பாளரிடம் தட்டை இரவல் வாங்கி, அதிலிருந்தே ஒலியை எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். கைப்பேசியில் கேட்கும் பாட்டுக்கும் பின்னால் சிலசமயம் ஒருவரது அலமாரி இருக்கிறது.

பெட்டிச் செய்தி: எண்களில் வினைல்

• நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. தட்டை கொலம்பியா நிறுவனம் 1948-ல் அறிமுகம் செய்தது. 45 சுற்று ஓடும் ஏழு அங்குலத் தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் 1949-ல் கொண்டுவந்தது.

• அமெரிக்காவில் 1987-க்குப் பிறகு முதன்முறையாக 2022-ல் எண்ணிக்கையில் சி.டி.யை வினைல் முந்தியது: 4.1 கோடி தட்டுகள், 3.3 கோடி சி.டி.கள்.

• 2023-ல் வினைல் 4.3 கோடி, சி.டி. 3.7 கோடி. வினைல் வருவாய் சுமார் 140 கோடி டாலர்.

• உச்சத்தில் இருந்த 1977-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட எல்.பி.க்கள் 34 கோடிக்கும் மேல். இன்றைய 'மறுபிறவி' அதில் எட்டில் ஒரு பங்குதான்.

• தட்டு அச்சுக்குத் தேவையான லாக்கர் தகடுகளை உலகில் இரண்டே ஆலைகள் செய்துவந்தன. அதில் ஒன்றான கலிபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது.

ஒரே ஆல்பம், பல முகங்கள்

தட்டு பாட்டைச் சுமப்பதோடு நிற்பதில்லை. அது எப்படி உருவானது என்பதற்கான தடயத்தையும் சுமக்கிறது. லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் ஆல்பம் 1969-ல் வந்தது. அதன் முதல் அமெரிக்க அச்சுக்குப் பள்ளம் வெட்டியவர் பாப் லுட்விக் என்ற ஒலிப்பொறியாளர். ஒலியும் பேஸும் மிகுந்திருந்ததால், சாதாரண பிளேயரில் ஊசி துள்ளியது. உடனே அந்த அச்சை நிறுத்தி, ஒலியைக் குறைத்து வேறாக வெட்டினார்கள். இன்று தட்டின் உள்ளோரத்தில் லுட்விக்கின் முதலெழுத்துகள் கீறப்பட்ட பிரதிக்குத் தனி விலை. அந்த விலையைப் பித்து என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இசைக்குழுவும் பொறியாளரும் முதலில் கொடுக்க நினைத்த ஒலி எது, கடைக்காக மாற்றப்பட்டது எது என்ற கேள்விக்குப் பதில் அந்த இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்தால்தான் கிடைக்கும்.

இன்னும் கனமான உதாரணம் 1973-ல் வந்த வெய்லர்ஸ் குழுவின் 'கேட்ச் எ ஃபயர்'. ஜமைக்காவில் பதிவான டேப்புகளை லண்டனுக்குக் கொண்டுபோன ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல், ராக் ரசிகர்களுக்கு ஏற்றபடி அமெரிக்க கிட்டார் கலைஞர் வெய்ன் பெர்க்கின்ஸையும் கீபோர்டு கலைஞர் ஜான் பண்ட்ரிக்கையும் வாசிக்கவைத்து மேலே சேர்த்தார். உலகம் ரெகேயை அறிந்தது இந்த வடிவத்தில்தான். ஜமைக்கக் கலவை 2001-ல்தான் முறையாக வெளிவந்தது. முதல் 20,000 பிரதிகளின் உறை, சிகரெட் லைட்டர் போல மேல்பகுதி திறக்கும்படி செய்யப்பட்டது; செலவும் சிக்கலும் கூடியதால் பிறகு கைவிடப்பட்டது. அந்த உறையில் குழுவின் பெயர் 'தி வெய்லர்ஸ்'. பின்னால் வந்த உறைகளில் பாப் மார்லியின் முகமும் பெயரும் முன்னுக்கு வந்தன. பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் பின்னால் நகர்ந்தார்கள். மூவர் குழு ஒருவரின் குழுவாக மாறிய வரலாற்றை இரண்டு உறைகளும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. கைப்பேசித் திரையில் தெரியும் சிறு சதுரப் படத்தில் இது எதுவும் இருக்காது.

ஒலித்தரத்தைக் காரணம் காட்டுவோரின் வாதம் இத்தனை வலுவானதல்ல. மென்மைக்கும் உரப்புக்கும் இடையிலான வீச்சில் சி.டி. 96 டெசிபல்வரை போகும். வினைல் 70-ஐத் தொடுவதே பெரிது. தட்டின் உள்வட்டத்துக்கு ஊசி போகப்போக ஒலி சற்றுச் சிதையும். டிஜிட்டல் கலவாத அனலாக் ஒலிக்கென்றே பெரும் விலை கேட்ட அமெரிக்க நிறுவனம் மொபைல் ஃபிடலிட்டி, பல ஆண்டுகளாகத் தன் தட்டுகளின் தயாரிப்பில் டிஜிட்டல் படியைப் பயன்படுத்தியது 2022-ல் வெளிப்பட்டது. வழக்கு வந்து, சுமார் 2.5 கோடி டாலர் மதிப்பில் சமரசம் ஆனது. அந்தத் தட்டுகளைச் செவிநுட்பம் மிக்க விமர்சகர்கள் அதுவரை புகழ்ந்துகொண்டிருந்தார்கள். 'காதில் கேட்டாலே தெரியும்' என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. வினைலை ஒலிக்காக மட்டும் ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆவணமாக ஆதரிப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

பெட்டிச் செய்தி: தட்டைப் படிப்பது எப்படி?

• உள்ளோரக் கீறல்: கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெற்று வளையத்தில் அச்சு எண்ணும், பள்ளம் வெட்டியவரின் குறியும் இருக்கும். லேபிளே இல்லாத ஜமைக்கத் தட்டுகளை அடையாளம் காண பெரும்பாலும் இதுவே வழி.

• முதல் அச்சு: புத்தகத்தின் முதல் பதிப்பு போல மதிப்பு. ஆனால் முதல் அச்சு எல்லாமே நன்றாக ஒலிக்கும் என்று இல்லை. ஜமைக்கத் தட்டுகளில் மறுசுழற்சி வினைலும் மையம் தவறிய துளையும் சாதாரணம்.

• தரக்குறி: புத்தம்புதிது என்பதில் தொடங்கி மிக நன்று, நன்று என்று இறங்கும். 'நன்று' என்றால் கீறல் ஒலி நிச்சயம் கேட்கும்.

• கள்ளப்பதிப்பு: லேபிளின் எழுத்துரு, தாளின் பளபளப்பு, கையால் கீற வேண்டிய எண் அச்செழுத்தில் இருப்பது ஆகியவை எச்சரிக்கை.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

வாஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் குழு 1969-ல் வெளியிட்ட ஒரு தட்டின் பின்பக்கத்தில் 'அமென், பிரதர்' என்ற பாடல் இருந்தது. அதில் கிரெகரி கோல்மன் தனியாக டிரம் வாசிக்கும் பகுதி சுமார் ஏழு விநாடிதான். தட்டு சேகரிப்பவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள், டி.ஜே.க்களுக்கான தொகுப்பு எல்.பி. ஒன்றில் 1986-ல் அது இடம்பெற்றது. அதன்பின் ஹிப்-ஹாப்பிலும் பிரிட்டனின் ஜங்கிள் இசையிலும் ஆயிரக்கணக்கான பாடல்களின் முதுகெலும்பானது. கோல்மன் 2006-ல் வீடின்றி வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் பொதுவசூல் செய்து 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அது சட்டம் தந்த பங்கல்ல, நன்கொடை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் தாளமும் அப்படியே எண்ணற்ற பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. பாடலாசிரியர் பட்டியலில் பெயர் இல்லாததால் ராயல்டி அவரைத் தேடி வரவில்லை.

ஜமைக்காவில் நிலை இன்னும் மோசம். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருமுறை காசு. அதோடு கணக்கு முடிந்தது. நவீன காப்புரிமைச் சட்டம் அங்கே 1993-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ரெகேயின் பொற்காலம் முடிந்து, அதன் தட்டுகள் லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டன. ஏழைத் தீவின் பண்பாட்டுச் செல்வம் பணக்கார நாடுகளின் அலமாரிகளில் இருக்கிறது, சேகரிப்பு என்பது நாகரிகமான சூறையாடல் என்று சொல்பவர்கள் உண்டு. இந்தக் குற்றச்சாட்டைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தட்டைக் கொண்டுபோனதும் உரிமையைக் கொண்டுபோனதும் வேறுவேறு காரியங்கள். பிரிட்டனுக்குக் குடியேறிய ஜமைக்கத் தொழிலாளிகள் தங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்கக் காசு கொடுத்து வாங்கியதில் தொடங்கியது அந்தச் சந்தை. அவர்களுக்காகவே இந்திய வம்சாவளி ஜமைக்கரான லீ காப்தல் லண்டனில் ட்ரோஜன் ரெக்கார்ட்ஸை வளர்த்தார். வாங்கியவர் குற்றவாளி அல்லர். வாங்கியவரின் காசு பாடியவரை எட்டாமல் இடையில் நின்றதே குற்றம். சரிசெய்ய வேண்டியதும் அந்த இடைவெளியைத்தான்.

பெயர் திரும்பிய கதைகள்

சரிசெய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. டெட்ராய்ட்டைச் சேர்ந்த சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் 1970-ல் 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் சீந்துவாரில்லை. தென்னாப்பிரிக்காவிலோ அது வீட்டுக்கு வீடு சுழன்றது. அந்தப் புகழ் தெரியாமலே டெட்ராய்ட்டில் கட்டட வேலை, இடிப்பு வேலை செய்துகொண்டிருந்தார் அவர். அவரைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்டீஃபன் செகர்மன், கேப்டவுனின் வினைல் கடைக்காரர். 1998-ல் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்காவில் கச்சேரி செய்தார். 2008-ல் சியாட்டலின் 'லைட் இன் தி ஆட்டிக்' நிறுவனம் ஆல்பத்தை முறையாக மறுவெளியீடு செய்தது. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றது. 2023-ல் இறந்தபோது அவர் உலகறிந்த பாடகர்.

அதே டெட்ராய்ட்டில் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் 'டெத்' என்ற பெயரில் ராக் குழு நடத்தினார்கள். பெயரை மாற்றினால் வாய்ப்பு உண்டு என்று பெரிய நிறுவனத் தலைவர் சொல்லியும் மறுத்தார்கள். 1976-ல் சொந்தக் காசில் 500 பிரதிகள் மட்டும் அச்சடித்த ஒரு தட்டு சேகரிப்பாளர்களிடம் கைமாறிக் கைமாறி விலையேறியது. அந்தப் பேச்சு வளர்ந்து, 2009-ல் டிராக் சிட்டி நிறுவனம் அவர்களது பழைய பதிவுகளை ஆல்பமாக்கியது. மூத்த சகோதரர் டேவிட் 2000-லேயே இறந்துவிட்டாலும், மற்ற இருவரும் மீண்டும் மேடையேறினார்கள். சிகாகோவின் நியூமெரோ குழு 2003 முதல் இதையே தொழிலாகச் செய்கிறது: ஒரே ஊரில் சில ஆண்டுகள் இயங்கி மறைந்த சிறு சோல் லேபிள்களைத் தேடி, உரிமையாளரையும் பாடியவரையும் கண்டுபிடித்து, படங்களும் விரிவான வரலாறும் சேர்த்து வெளியிடுகிறது. லேபிளைச் சுரண்டிய மரபுக்கு நேரெதிர் வேலை இது.

இந்த வலையில் தமிழ் இசையும் அகப்பட்டிருக்கிறது. பிளாக் ஐட் பீஸ் குழு 2003-ல் தன் 'எலிஃபங்க்' ஆல்பத்தின் பாடல் ஒன்றில் இளையராஜாவின் இசைத் துணுக்கைப் பயன்படுத்தியது. பிரிட்டனின் 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான அவருடைய திரைப்பாடல்களை 'சொல்ல சொல்ல' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தது. ஃபங்க் தேடும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்குத் தமிழ்ப்பட எல்.பி.யும் ஒரு வேட்டைப்பொருள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்தில் இசை நிறுவனங்களோடு நடத்திய நீண்ட வழக்குகளை நினைத்தால், ஸ்டாக்ஸ் கதை நமக்கு அந்நியமாகத் தெரியாது.

பிளாஸ்டிக்கும் ஃபேஷனும்

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக், சூழலுக்குக் கேடு என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனால் மாற்று மட்டும் மாசற்றதா? அமெரிக்க இசைத்துறை 1977-ல் 5.8 கோடி கிலோ பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது, 2016-ல் அது 80 லட்சம் கிலோவாகக் குறைந்தது என்று கணக்கிட்ட ஆய்வாளர் கைல் டிவைன், வெளியான பசுங்குடில் வாயுக்களின் அளவு அதே காலத்தில் 14 கோடி கிலோவிலிருந்து 20 கோடிக்கும் 35 கோடிக்கும் இடைப்பட்ட அளவுக்கு ஏறியதையும் காட்டினார். இணைய வழிச் சேமிப்பும் கடத்தலும் மின்சாரம் தின்கின்றன. பழைய தட்டை வாங்குபவர் புதிய பிளாஸ்டிக்கை உருவாக்குவதில்லை. அரை நூற்றாண்டு முன்பே அச்சான ஒன்றைக் குப்பைக்குப் போகாமல் தடுக்கிறார். இந்த வாதம் பாய வேண்டிய திசை வேறு: ஒரே ஆல்பத்தை ஐந்தாறு நிறத்தில், ஐந்தாறு உறையில் அச்சடித்து ரசிகரை எல்லாவற்றையும் வாங்கவைக்கும் இன்றைய விற்பனை உத்தி.

ஃபேஷன் என்ற குற்றச்சாட்டும் அங்கேதான் பொருந்தும். அமெரிக்காவில் வினைல் வாங்குவோரில் பாதிப் பேரிடம்தான் பிளேயரே இருக்கிறது என்று லூமினேட் நிறுவனத்தின் 2023-ம் ஆண்டு ஆய்வு சொன்னது. மீதிப் பாதிக்குத் தட்டு ஒரு நினைவுப்பொருள், சுவர் அலங்காரம். அதைக் கேலி செய்யத் தேவையில்லை. அலங்காரத்துக்கு வாங்கிய தட்டும் புதுத் தட்டாக இருந்தால் ஒப்பந்தப்படி கலைஞருக்கு ஏதோ ஒரு பங்கு போகும். பழைய தட்டின் சந்தையில் அதுவும் இல்லை.

சட்டம் வரட்டும்… அதுவரை?

ஓவியத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்குப் பங்கு தரும் உரிமையைப் பிரான்ஸ் 1920-லேயே சட்டமாக்கியது. பிரிட்டனில் 2006 முதல் அந்தப் பங்கு 4 சதவீதம் வரை. இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ பிரிவு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலைபோகும் மூல ஓவியங்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும், இசையமைப்பின் கையெழுத்துப் படி உட்பட, மறுவிற்பனைப் பங்கை ஏற்கிறது. இசைத்தட்டு மட்டும் எங்கும் இந்த வரம்புக்குள் வரவில்லை. ஓவியம் ஒன்றே ஒன்று, தட்டு ஆயிரத்தில் ஒன்று என்பது சட்டம் சொல்லும் காரணம். லட்சம் பவுண்டு கொடுத்தவர் எந்த ஆயிரத்தில் ஒன்றை வாங்கினார்? விரல்விட்டு எண்ணும் பிரதிகளே மிஞ்சிய தட்டைச் சந்தை ஓவியம்போலத்தான் விலைபேசுகிறது. சட்டம் மட்டும் அதைப் பிரதி என்கிறது. பத்து டாலர் தட்டுக்கெல்லாம் இந்தக் கணக்கு வேண்டாம். குறிப்பிட்ட பெருந்தொகைக்கு மேல் போகும் விற்பனைகளில் மட்டும் சிறு சதவீதம் பிடித்தால் போதும். அப்படிப்பட்ட விற்பனைகள் பெரும்பாலும் ஏலங்களிலும் பெரிய இணையச் சந்தைகளிலும் நடப்பதால், வசூலிப்பதும் இயலாத காரியம் அல்ல. தேடி அலைந்ததும் இடர் ஏற்றதும் சேகரிப்பாளர்தானே என்று கேட்கலாம். ஓவியத்தைத் தேடி வாங்கி வைத்திருந்தவருக்கும் அதே இடர் உண்டு. அவர் பங்கு கொடுக்கிறார்.

சட்டம் வர நாளாகும். வாங்குபவர் கையில் இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது. மறுவெளியீட்டுத் தட்டை எடுத்ததும் உறையின் பின்பக்கத்தைப் படிக்கலாம்: உரிமம் யாரிடமிருந்து பெற்றது, வாசித்தவர்கள் யார், பதிவு எங்கே, எந்த மூலத்திலிருந்து ஒலி எடுக்கப்பட்டது என்று அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தட்டை வைத்துவிடலாம். மூல அச்சை வைத்திருக்கும் சேகரிப்பாளர் அதை முறையான மறுவெளியீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். அப்போது அவர் பிரதியின் மதிப்பும் குறையாது, பாடியவருக்கும் வருமானம் பிறக்கும். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இந்தத் தட்டுகளில் பாடியவர்கள், வாசித்தவர்கள் பெரும்பாலும் எழுபதும் எண்பதும் கடந்துவிட்டார்கள். தட்டின் விலை இன்னும் பத்தாண்டு கழித்து ஏறினால் சேகரிப்பாளருக்கு லாபம்தான். கலைஞருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டிய காலமோ இதுதான்.